நிறுத்திவைத்த அப்டேட்

மேனாம்பேட்டில் ஒரு மாடிவீட்டில் தனியாக இருக்கும் ஃபெபிக்கு, மொபைல் செயலிகளில் தவறு கண்டுபிடிப்பதுதான் வேலை. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் அலுவலகம். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டாள். தானே திறந்து பார்ப்பாள். வீட்டு விஷயத்தில் மட்டும் அண்ணன் ஜெர்வின் சொன்னால் போதும்.

ஜெர்வின் மஸ்கட்டில் இருக்கிறான். அம்மா ஆரோக்கியம்மாள் படுத்த படுக்கையானபோது லீவில் வந்தவன், யாரோ கழித்துப்போட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, லினக்ஸ் போட்டு, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே சர்வராக வைத்துவிட்டுப் போனான். குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். மாடிப்படியில் ஒரு கேமரா, அம்மாவின் கட்டில் கிடந்த ஹாலில் இன்னொரு கேமரா. இரண்டும் சர்வரோடு சேர்ந்தவை. மஸ்கட்டில் இருந்தபடியே அம்மாவைப் பார்த்துக்கொள்வான். அம்மா போனபிறகு ஹால் கேமராவை நிறுத்திவிட்டதாகச் சொன்னான். அதன் பச்சை விளக்கும் அணைந்துவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த பொருள் என்பதால் ஃபெபிக்கு அதைக் கழற்ற மனம் வரவில்லை. வீடு பெருக்கும்போது அதையும் துடைத்துவைப்பாள்.

போன வருஷம் அலுவலக நண்பன் வினோத் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் திரும்பியதும் ஜெர்வின் வீடியோ காலில் வருவது வழக்கம். அப்படி ஒரு ஞாயிறு, வினோத் கேக் டப்பாவோடு வந்ததையும் இருட்டியபிறகு கிளம்பியதையும் அவன் அப்படியே சொன்னான். யார் சொன்னது என்று கேட்டாள். மாடிப்படிக் கேமராவை நான் பார்ப்பதே இல்லை, கீழ்வீட்டு அஞ்சலை அக்கா போன் செய்தார் என்றான்.

"அவங்ககிட்டப் போய்க் கேக்காத பாப்பா. அக்கறையிலதான் சொன்னாங்க."

அஞ்சலை தெருமுனையில் இட்லிக்கடை போடுகிறவர். அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றியது பெரும்பாலும் அவர்தான். ஃபெபி கேட்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாடியிலிருந்து பலகாரத் தட்டு கீழே போகவில்லை. பொங்கலுக்குக் கீழேயிருந்தும் ஒன்றும் வரவில்லை. வினோத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அக்கம்பக்கம் இப்படிப் பேசும் இடத்தில் ஒரு பெண் எப்படித் தனியாக இருப்பாள் என்று ஜெர்வின் அதன்பிறகு வாராவாரம் கேட்க ஆரம்பித்தான். அம்மாவின் நினைவு நாளுக்கு அவன் வரும்போது மாடியை வாடகைக்கு விட்டுவிட்டு, அவளை ஐயப்பன்தாங்கல் சித்தி வீட்டில் சேர்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. முடிவு அவனுடையது. ஃபெபிக்கு அந்த வீட்டைவிட்டுப் போகக் கொஞ்சமும் இஷ்டமில்லை. ஆனால் வேவு பார்த்துச் சொல்கிறவர் கீழேயே இருக்கும்போது என்ன சொல்லி அங்கே இருப்பது?

நினைவு நாள் அட்டையில் போட அம்மாவின் போட்டோ வேண்டியிருந்தது. சர்வர் மிகப் பழைய பதிப்பில் இருக்கிறது, அப்டேட் செய்தால்தான் திறப்பேன் என்று போனிலிருந்த செயலி மறுத்துவிட்டது. ஜெர்வினிடம் சொன்னதற்கு, கை வைக்காதே, நான் வந்து பார்க்கிறேன் என்றான். அதற்குள் அட்டை அச்சாகிவிட வேண்டும். ஞாயிறு மதியம் டிவியை சர்வரோடு இணைத்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில், இடமில்லை என்று அப்டேட் நின்றது. லினக்ஸின் பழைய கெர்னல் கோப்புகள் சேர்ந்து இடத்தை அடைத்திருந்தன. படித்துப் படித்து அவற்றை நீக்கினாள். மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை வேறு காரணம் சொன்னது: ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜைப் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள், அது நகராமல் மற்றவை நகர முடியாது. எது என்று கேட்கும் கட்டளையை அடித்தாள். ஒரே ஒரு பெயர் வந்தது. கேமரா மென்பொருள்.

அது தானாக நிற்கிற விஷயமில்லை. யாராவது சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். சர்வரில் இருப்பவை இரண்டே கணக்குகள். ஒன்று அவளுடையது.

அப்போதும் அவள் அண்ணனைத் தவறாக நினைக்கவில்லை. புதிய பதிப்பில் கோளாறு ஏதாவது இருந்திருக்கும், அதனால் நிறுத்தியிருப்பான் என்றுதான் நினைத்தாள். அலுவலகப் பழக்கத்தில், அந்தப் பதிப்பில் என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பைத் தேடிப் படித்தாள். கோளாறு ஒன்றுமில்லை. ஒரு வசதியைச் சேர்த்திருந்தார்கள். யாராவது நேரலையில் கேமராவைப் பார்த்தால், பார்க்கிறவரின் பெயர் இனி கேமரா பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை மறைக்க வழியில்லை.

அவள் தடையை நீக்கினாள். அப்டேட் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. கேமரா பக்கத்தைத் திறந்தாள். ஒரு கட்டத்தில் மாடிப்படி. இன்னொன்றில் ஹால். அதில் சுவரில் சாய்ந்து, மடியில் கீபோர்டோடு அவளே உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு வரி: பார்ப்பவர், ஜெர்வின்.

நிமிர்ந்து பார்த்தாள். கேமராவில் விளக்கு எரியவில்லை. விளக்கை மட்டும்தான் அணைத்திருக்கிறான். அந்த ஹாலில் அவள் தலை உலர்த்தியிருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், யாருமில்லை என்று நினைத்து வாய்விட்டு அழுதிருக்கிறாள்.

போன் அடித்தது.

"எதுக்குப் பாப்பா அதைத் தொட்ட?" ஜெர்வினின் குரலில் கோபமே இல்லை.

"அஞ்சலை அக்கா நம்பர் உங்கிட்ட இருக்கா அண்ணா?"

அவள் தனியாக இருப்பதை நினைத்தால் தனக்குத் தூக்கமே வருவதில்லை என்றான். அம்மா இருந்தால் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள் என்றான். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

"யார் பேரையாவது சொல்லணும்ல? இல்லன்னா நீ கேமராவைக் கழட்டியிருப்ப."

அவன் அதை நியாயம் போலத்தான் சொன்னான்.

"நான் சித்தி வீட்டுக்குப் போகல. இங்கதான் இருப்பேன்" என்று சொல்லி போனை வைத்தாள். சர்வரிலிருந்து அவனுடைய கணக்கை நீக்கினாள். ஸ்டூல் போட்டு ஏறி ஹால் கேமராவைக் கழற்றினாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

அஞ்சலை வாசலில் குனிந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். ஃபெபி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வினோத் கேக் கொண்டுவந்த நாளைச் சொன்னதும் அஞ்சலையின் கை நின்றது.

"அன்னிக்கு நான் முத்தாபுதுப்பேட்டையில எம் பொண்ணு ஊட்ல கீறேன். பேத்திக்குக் காது குத்து. உனக்குந்தான் பத்திரிகை வெச்சேன்."

ஃபெபிக்கு அந்தப் பத்திரிகை இப்போதுதான் ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள்ளும்படி கேட்டாள்.

"உங்கண்ணன் எங்கியோ குந்திக்கினு பொய் சொன்னான், சரி. நீ என் தலைக்கு மேலயே கீற. ஒரு வார்த்த, இன்னாக்கா இப்டி பண்ணிட்டன்னு வந்து சண்ட போட்டிருக்கலாமில்ல? படியேறும்போது மூஞ்சியத் திருப்பிக்கினு போன. நான் இன்னா தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியாம உக்காந்துகினு இருந்தேன்."

அஞ்சலை களைந்த தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்தார்.

"அம்மாவுக்குப் பூச என்னிக்கு?"

"வர ஞாயித்துக்கிழம, அக்கா."

"வரேன். உங்கம்மாவுக்கோசரம் வரேன். உனக்கோசரம்னு நெனச்சிக்காத."

அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை; உள்ளே வா என்றும் சொல்லவில்லை. ஃபெபி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.