கடைசி அத்தியாயம் நான் சொன்னது

ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு அகதியாக வந்த நான் கடை திறந்தேன், வீடு கட்டினேன், கோயிலுக்கு மண்டபமும் எழுப்பினேன். படிப்பு ஐந்தாம் வகுப்புத்தான். இருந்தும் ஒரு நாவலின் முடிவு என்னுடையது.

நான் முதலில் இருந்த அகதி விடுதிக்கு எதிரே ஓர் இத்தாலியக் கிழவர் தனியாக இருந்தார். கவிஞர், நாவலாசிரியர். அவருடைய நாவலில் செத்த சுரங்கத் தொழிலாளி ஒருவன் வீடு திரும்ப வேண்டும். வழி தெரியாமல் எழுத்து நின்றுவிட்டது. எட்டாம் நாள் இறந்தவருக்குப் பிடித்ததைப் படைத்து, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிடும் எங்கள் வழக்கத்தை நான் சொன்னேன். எங்கள் இருவரின் உடைந்த ஜெர்மனில் அவர் பகிடி விட்டார்.

"நான் செத்தால் எனக்கும் உம்மடை உறைப்புக் கறிதானோ?"

"கோப்பி வேணுமெண்டால் இப்பவே சொல்லும்."

அந்த வழக்கத்தை வைத்துக் கடைசி அத்தியாயத்தை முடித்த வாரமே அவர் இறந்தார். அவர் வீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. எட்டாம் நாள் பின்னேரம் அவர் மேசையில் கோப்பி வைத்து, கதவைச் சாத்தி வெளியே நின்றேன். உள்ளே நாற்காலி இழுபட்டது. பேனை கீறியது. திறந்தேன், யாருமில்லை. கோப்பை பாதி காலி. நாவலின் கடைசித் தாளில் தொழிலாளிக்குப் படைத்த 'வைன்' வெட்டப்பட்டு, 'கோப்பி' என்று ஈரம் காயாத மையில் இருந்தது.

தகப்பன் தனியாகவே எழுதினார் என்கிறாள் நாவலை அச்சிட்ட அவருடைய மகள். முன்னுரையில் அவருடைய நாய்க்குக்கூட நன்றி இருக்கிறது. எட்டாம் நாளைச் சொன்னவன் நான். அடுத்த பதிப்பில் என் பெயர் வர வேண்டும்.