கட்டைக்கு முன்னால் உடைந்த பூசணிக்காய்

தொண்ணூறுகளின் கடைசியில், ஆந்திர எல்லையில், குப்பம் என்கிற ஊருக்கு வெளியே நடந்தது இது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் கையில் பணம் புரள ஆரம்பித்திருந்த நேரம். அமெரிக்காவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கம் நிலம் வாங்கி, அந்த மாதிரிப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகக் குதிரையேற்றப் பள்ளி தொடங்கினார். எங்கள் நைனா கிரானைட் குவாரியில் கூலி. நான் அந்தப் பள்ளியில் குதிரை லத்தி அள்ளச் சேர்ந்தேன்.

தீனி வைத்து, தேய்த்துவிட்டு, நடத்திக்கொண்டு போய்ப் பழகியதில் சவாரியும் வந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு பெண் இருந்தால் நல்லது என்று முதலாளி நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் வருவதாக இருந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் போட்டிருந்த மரக்கட்டைகள், வேலிகள், சிறு கால்வாய் எல்லாவற்றையும் செவலைக் குதிரையில் ஏறி அவர்கள் எதிரில் தாண்டிக் காட்டினால் பயிற்சியாளர் வேலை எனக்கு. இல்லாவிட்டால் பழையபடி லத்திக் கூடைதான்.

கஷ்டம் என்னவென்றால், அதற்கு முந்தைய வாரம்தான் பெரிய கட்டையைத் தாண்டும்போது விழுந்திருந்தேன். எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ராணுவத்தில் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விழுந்தால் உடனே எழுந்து அதைவிட உயரமானதைத் தாண்டவேண்டும், அப்போதுதான் பயம் தெளியும் என்பது அவர் வைத்த சட்டம். வீங்கிய மணிக்கட்டோடு தாண்டினேன். பயம் தெளியவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கட்டை கண்ணில் பட்டாலே என் கை தன்னால் கடிவாளத்தை இழுத்தது. முன்னால் போ என்று கால் சொல்கிறது, நில் என்று கை சொல்கிறது. பாவம், குதிரை எதைக் கேட்கும்?

சனிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. மற்ற தடைகளைச் செவலை அழகாகத் தாண்டியது. பெரிய கட்டைக்குப் பத்தடி முன்னால், காலை ஊன்றி நின்றுவிட்டது. நான் அதன் கழுத்தில் போய் விழுந்து தொங்கினேன். திருப்பிக்கொண்டு வந்தேன், மறுபடி நின்றது. பயிற்சியாளர் ஒரு சாட்டையை என் கையில் திணித்து அடி என்றார். குதிரையை நிறுத்துவது என் பயம்தான், கூலிக்கார வீட்டில் பிறந்தால் தைரியம் எங்கிருந்து வரும் என்று, சவாரி பழக வந்திருந்த பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னார். மூன்றாவது தடவை நான் தரையில் கிடந்தேன்.

தரையில் கிடந்தபடிதான் பார்த்தேன். கட்டைக்கு முன்னால் புல்லுக்குள், குதிரை எம்பவேண்டிய அதே இடத்தில், குங்குமம் அப்பிய பூசணிக்காய் நாலு துண்டாக உடைந்து ரத்தம் மாதிரி சிதறிக் கிடந்தது. முந்தின நாள் அமாவாசை. பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம் வேறு.

குதிரை இதைப் பார்த்துத்தான் மிரளுகிறது என்றேன். காய்கறிக்குப் பயப்படுகிற குதிரையா என்று சிரித்தார். மறுபடி ஏறு, அடி என்றார். சாட்டையைத் தூக்கிப் புதரில் எறிந்தேன். "அடிக்க மாட்டேன் சார். நீங்க வேணா ஏறிக்கினு அடிங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அவர் ஏறவில்லை.

இந்தக் கூத்தைப் பார்த்துப் புல் அறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். யார் இதை இங்கே உடைத்தது என்று அவர்கள் மேலேயே பாய்ந்தேன். மூத்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஒனக்குத்தாம்மே சுத்திப் போட்டோம். அன்னிக்கி இங்கதான வுழுந்த? கண்ணு பட்டுக்கினு கீதுன்னு, வுழுந்த எடத்துலயே ஒடச்சோம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. என்ன சொல்லித் திட்டுவது? திட்டாமலும் இருக்க முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அதைக் கையால் தொடாதே, தாண்டாதே என்று அவர்கள் பதறப் பதற, லத்தி அள்ளும் மண்வெட்டியால் வாரி வேலிக்கு வெளியே கொட்டினேன். அது கிடந்த இடத்தில் மண் போட்டு மூடினேன்.

பிறகு செவலையை நடத்திக்கொண்டு வந்து கட்டையை மோந்து பார்க்கவிட்டேன். குங்கும வாசனைக்குப் பலமாகத் தும்மியது. அது தலையைத் தாழ்த்தி மூச்சை விடும்வரை இருவரும் சும்மா நின்றோம். அப்புறம் ஏறி, தரையோடு கிடந்த ஒரு சின்னக் கட்டையை நடையில் கடந்தோம், பிறகு மெல்லோட்டத்தில், திரும்பத் திரும்ப. பயிற்சியாளர் குழந்தை விளையாட்டு என்று முதுகைக் காட்டி நின்றார். கோபத்தில் பயம் ஓடிவிட்டது என்று சொன்னால் பொய். என் கை கடிவாளத்தைத் தளர்த்தியது அந்தச் சின்னக் கட்டையில்தான். கை தளர்ந்தது செவலைக்குத் தெரிந்த பிறகே பெரியதின் பக்கம் திரும்பினோம். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, கட்டையைப் பார்க்காமல் தூரத்து வேப்பமரத்தைப் பார்த்தேன். தாண்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையும் எல்லாவற்றையும் தாண்டினோம். வேலை கிடைத்தது. பெற்றோர்கள் பயிற்சியாளரைச் சூழ்ந்துகொண்டு பாராட்டினார்கள். விழுந்த பெண்ணைக் கண்டிப்போடு ஏறவைத்துத் தைரியசாலியாக்கியது தான்தான் என்று அவரும் சொல்லிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை அன்றைக்கு நேரில் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கடிவாளத்தைப் பிடித்தபடி நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தடைக்கு முன்னால் உறைந்து நிற்கிற பிள்ளையை நான் விரட்டியதில்லை. இறங்கச் சொல்லி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், எதைப் பார்த்து நின்றாய் என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கு என்னிடமோ அந்த வாயில்லாத ஜீவனிடமோ யாரும் கேட்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.