அரேபியாவில் ஒரு பச்சைக் கரை

பர்மாவில், அலோன் பேட்டையில் இருக்கும் என் கடைக்கு வரும் கோ துன், தமிழ்த் தாய்க்குப் பிறந்த பர்மியர். அவர் சேர்ந்த மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையின் வேதத்தில் ஒரு குடும்பம் எருசலேமிலிருந்து நடந்துபோன வழியை, அரேபியாவின் பழைய சாம்பிராணி வணிகப் பாதையோடு வரைபடத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். முடிவில் பழமும் தேனும் நிறைந்த கடற்கரை வருமாம்; அங்கே மரம் வெட்டிக் கப்பல் கட்டினார்களாம்.

"பாலைவனத்துல ஏது பழமும் தேனும்?" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

விடுமுறையில் வந்த என் தம்பி கப்பல்காரன்; எங்கள் முஸ்லிம் வீட்டு வழக்கப்படி அண்ணனான என்னை 'நானா' என்பான். நடந்ததைச் சொன்னதும், "ஓமான்ல சலாலா பக்கம் மழைக்காலத்துல மலையே பச்சையா இருக்கும், நானா" என்றான்.

வெட்கத்தோடு அவனையும் கூட்டிக்கொண்டு தாகேதா பேட்டையில் இருக்கும் கோ துன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். செய்தி கேட்டு அவர் பூரித்துப்போனார். "ஆனா கப்பல் கட்டுற அளவு பெரிய மரம் நான் பார்க்கலைங்க" என்றான் தம்பி தயங்கியபடி.

வரைபடத்தில் 'பெரிய மரங்கள்' என்று தான் எழுதியிருந்ததை உடனே ரப்பரால் அழித்தார் கோ துன். "நிச்சயமாத் தெரியாததை எழுதக் கூடாது, நானா."

என் மார்க்கத்தைப் பற்றிய பேச்சில் எனக்கு அந்த நேர்மை இருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன்.