முதுகில் ஒட்டாத மஞ்சள்

சுவருக்கு வர்ணம் பூசுகிறவன் பிழைப்பில் பூசுவது கால்வாசி. தேய்ப்பதும் துடைப்பதும் காயக் காத்திருப்பதும் முக்கால்வாசி. வீட்டுக்காரர் கண்ணுக்கு அந்த முக்கால்வாசி தெரியவே தெரியாது. சுண்ணாம்பு அடிக்கிற மட்டை பிடித்துக் கை வெந்த அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

நான் பட்டதெல்லாம் செலியமேட்டில், ஒரே வீட்டில். கரும்பு நன்றாக விளைந்த வருஷம் முருகேசன் என்பவர் புதுக் காரைவீடு கட்டினார். பாகூரில் மேரி என்கிற ஊராட்சி ஆபீசுக்கு இருக்கிற அதே மஞ்சள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அவர் மகள் செங்கேணியை நான் பெண் கேட்டிருந்தேன். மனிதர் ஒரு நிபந்தனை போட்டார். பூசிக் காய்ந்ததும் வெள்ளைச் சொக்காய் போட்டுக்கொண்டு சுவரில் சாய்வார். முதுகில் மஞ்சள் ஒட்டினால் பெண் கிடையாது.

நாடி

புதுக் காரை உள்ளுக்குள் ஈரமாக இருக்கும்போது பூசினால் வர்ணம் பொடிப்பொடியாக உதிரும். ஆகவே தினமும் தவளக்குப்பத்திலிருந்து நடந்து வந்து, சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன், தட்டிக் கேட்பேன், திரும்பிப் போய்விடுவேன். செங்கேணியையும் பார்த்தேன் என்பது வேறு விஷயம். பதினைந்தாம் நாள் முருகேசனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்பா, உன்ன செவுருக்கு வர்ணம் பூசக் கூப்ட்டனா, நாடி புடிச்சுப் பாக்கக் கூப்ட்டனா?"

முப்பத்திரண்டு

ஒருவழியாகச் சுவர் காய்ந்தது. வெளிச்சுவரை மூன்று நாள் கல்லாலும் உப்புத்தாளாலும் தேய்த்தேன். விரிசலில் சலித்த சுண்ணாம்பை அடைத்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தபோது சந்தோஷத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை போனால் சுவர் முழுக்க வறட்டி! எண்ணினேன், முப்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் அச்சு. தட்டியவள் கையைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் நின்றாள், செங்கேணியேதான். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு இப்டி ஒக்காந்துட்டீங்க? இவ்ளோ வழவழன்னு தேச்சு வச்சா வறட்டி தட்டத் தோணாதா?"

ருசி

சுரண்டி, கழுவி, காயவைத்து, மறுபடி தேய்த்தேன். அப்புறம் அடிப்பூச்சு. சுண்ணாம்பில் அரிசிக் கஞ்சியும் உப்பும் கலந்து பூசினால்தான் மேலே வரும் மஞ்சள் பிடித்து நிற்கும். அது காய்ந்த சமயம் பார்த்து, வறட்டிக்குச் சாணி தந்த அதே பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, வாசலுக்கு இடப்பக்கம் நக்கித் தீர்த்துவிட்டது. ஓடி வந்த முருகேசன் சுவரைப் பார்க்கவில்லை, பசுவின் வாயைத் தடவிப் பார்த்தார்.

"மாடே ருசி பாத்து சரின்னுடுச்சு. இன்னும் இன்னா காயணும்? மஞ்சளப் பூசுப்பா!"

முதுகு

அவர் பறந்த பறப்பில், பசு நக்கிய இடத்துக்கு மறுபடி அடிப்பூச்சு கொடுக்காமலே மஞ்சளை ஏற்றிவிட்டேன். என் தப்புத்தான். சோதனை நாளில் அத்தனை நீளச் சுவர் இருக்க, மனிதர் நேரே வாசலுக்கு இடப்பக்கம் போய்ச் சாய்ந்தார். நன்றாகத் தேய்த்தும் விட்டார்.

அவர் நிமிர்ந்தபோது வெள்ளைச் சொக்காயின் முதுகில் தாம்பாளம் அளவு மஞ்சள்! அவரால் அதைப் பார்க்க முடியவில்லை, மகளைக் கூப்பிட்டார். செங்கேணி முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி முதுகைப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுகூட ஒட்டலப்பா. சொக்காயக் கழட்டிக் குடு, தொவச்சுப் போடறேன்."

தேய்ப்பது, துடைப்பது, காயவிடுவது என்று சுவருக்கு நான் செய்த வேலையையெல்லாம், அந்த ஒரு பொய்யைச் சொல்லிக்காட்டியே, கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குச் செய்துகொண்டிருக்கிறாள்.