எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள்

எங்கள் ஊரில் யாருடைய போனுக்கு மெசேஜ் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். பன்னிரண்டாவது வரை படித்ததற்கு நான் கண்ட பலன் அது ஒன்றுதான். கேஸ் சிலிண்டர் வந்த செய்தியா, ஏமாற்றுக்காரன் அனுப்பியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஓர் ஆடி மாதக் காலையில் என் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினாள்.

"இன்னானு பாரு பாப்பா. ரெண்டு நாளா இதுவே வந்துக்கினு கீது."

எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் நான் கடைசிவரை பாப்பாதான்.

இரண்டு தடுப்பூசி போட்டவர்கள் மூன்றாவதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம், இலவசம் என்று அதில் இருந்தது. பூஸ்டர் பூஸ்டர் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதுதான்.

"கொரோனா ஊசி. இன்னொண்ணு போட்டுக்கணுமாம்."

"போட்டுக்கலாமா, வேணாவா? நீ சொல்லு."

முதல் ஊசிக்கே எங்கள் ஊர்ப் பெண்கள் ஓடி ஒளிந்தவர்கள்தான். ஆண்கள் அப்படியில்லை. அண்ணனைப் போலக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டிலேயே சர்டிபிகேட் கேட்டார்கள், அதனால் முந்திக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். பெண்கள் இறால் பிடிக்கிற ஏரி யாரிடமும் சர்டிபிகேட் கேட்பதில்லை. பெண்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து வந்து இரண்டு ஊசியும் போட வைத்தது ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்சம்மாவின் சாமர்த்தியம். மூன்றாவதற்குள் ஊரில் பயம் தெளிந்துவிட்டது. முகக்கவசத்தைக் கருவாட்டுப் பானைக்கு மூடியாகக் கட்டுகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது.

அண்ணிக்கு மட்டும் பயம் போகவில்லை. அவளுக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் அவள் மூச்சு விடுவது பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குக் கேட்கும்.

"போட்டுக்க அண்ணி. அடுத்த வாரம் நர்சம்மா போட்டுல வராங்களாம்" என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அடுத்தவளுக்கு யோசனை சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்?

எங்கள் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வலை, படகு எதுவும் எங்களுக்கு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கை இரண்டையும் சேற்றில் துழாவி, விரலில் தட்டுப்படுகிற இறாலைப் பிடித்துப் பறியில் போடுவோம். பறி என்பது பனையோலையில் பின்னிய சின்னக் கூடை. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது. ஊரிலேயே வாயாடி என்று பெயரெடுத்த நான் நாளில் ஐந்தாறு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது அந்தக் கயிற்றால்தான்.

இன்னொன்று. தனியாக யாரும் இறங்கக் கூடாது. திருக்கை முள் குத்தினால் கால் மரத்துப்போகும், பிடித்துக் கரையேற்ற ஆள் வேண்டும். அதனால் பெண்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஜோடி வராத நாளில் மற்றவளும் வீட்டில்தான். வேறு ஜோடியோடு மூன்றாவதாக ஒட்டிக்கொள்ள விடமாட்டார்கள். அண்ணியும் நானும் பதினேழு வருஷ ஜோடி. என் கல்யாணத்தை உள்ளூரிலேயே முடித்ததற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை, இந்த ஜோடி பிரிந்துவிடக் கூடாது என்பதுதான் என்று என் நைனா, அப்பாதான், கிண்டல் பண்ணுவார்.

அந்த வருஷம் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. கடலும் ஏரியும் சேருகிற வாயில் மணல் மேடிட்டு, வாரக்கணக்கில் கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி கொதித்துப்போய்க் கிடந்தது. நாள் முழுக்கத் துழாவினாலும் குழம்புக்குத் தேறாது. கடைசியில் சுற்று வட்டாரத்து ஆண்கள் எல்லாம் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டி வழிவிட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீரின் வாசனை மாறிவிட்டது. இறால் ஏறிவிட்டது என்று ஊரே பறியைத் தட்டி எடுத்தது.

அந்த மூன்றாம் நாள்தான் ஊசி போட வருகிற நாள்.

காலையில் பறியோடு போய் அண்ணி வீட்டு வாசலில் நின்றேன். அவள் தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"ஊசி போட்டுக்கினு நாளைக்குப் போலாம் பாப்பா" என்றாள்.

"ஊசி போட்டா நாளைக்கு எங்க போறது? ரெண்டு நாளு ஜுரம் வரும். போன தடவ இன்னா ஆச்சு? கைய தூக்க முடியல உன்னால."

"மூச்சு இழுக்கறப்போ பயமா கீது. நீதானே போட்டுக்கனு சொன்ன?"

"சொன்னேன். இன்னைக்கேனு சொன்னனா? ஊசி எங்க ஓடிப்போவுது? அடுத்த மாசமும் வரும். எறா வருமா?"

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அவள் வரவில்லை என்றால் நான் இறங்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உள்ளே போய்ப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு பறியை எடுத்து வந்தாள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சேற்றில் கை வைத்த இடமெல்லாம் இறால். ஒரு மணி நேரம் போயிருக்கும். மோட்டார் சத்தம் கேட்டது. பழவேற்காட்டிலிருந்து வருகிற படகில், நீல நிற ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நர்சம்மா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்து, "வாங்கம்மா, சீக்கிரம் வந்துடுங்க" என்று கத்தினார்.

அண்ணி நிமிர்ந்தாள். படகு போவதைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். வாயில் கயிறு. அவளால் எதுவும் கேட்க முடியாது. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, கண்ணிலேயே கேள்வி இருந்தது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், இரண்டு பேரும் கரைக்கு நடந்திருப்போம். நான் குனிந்து சேற்றில் கையை விட்டேன்.

சிறிது நேரத்தில் அவளும் குனிந்தது தண்ணீர்ச் சத்தத்தில் தெரிந்தது.

மத்தியானம் கரையேறியபோது படகு போய்விட்டிருந்தது. நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு புட்டியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட வேண்டுமாம். திறந்த பிறகு சில மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்ட வேண்டியதுதானாம். எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். நர்சம்மா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஊரே ஏரியில் இருந்தது. மத்தியானம்வரை காத்திருந்துவிட்டுப் புட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நீங்க ரெண்டு பேரு வந்திருந்தா எங்களுக்கும் போட்டிருக்கும்ல?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "நாங்க மட்டுந்தான் ஊருல ஆளா?" என்று சண்டைக்குப் போனேன். அண்ணிதான் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதம் படகு வந்தது. இந்த முறை நானே அவளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஆனால் அவளுக்கு இரண்டு நாளாகச் சளி, உடம்பு சுட்டது. நர்சம்மா கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஜுரம் இருக்கும்போது போட வேணாம்மா. நல்லாகட்டும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். நான் போட்டுக்கொள்வதாக இல்லை, அவளுக்குத் துணையாகத்தான் போயிருந்தேன், அதனால் அன்றைக்கும் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. "பாப்பா, நீ போட்டுக்க. உன்னோட பத்து ஆயிடும்" என்று அண்ணிதான் என்னை முன்னால் தள்ளினாள். போட்டுக்கொண்டேன்.

எனக்கு இரண்டு நாள் நல்ல காய்ச்சல். தூக்கிப் போட்டது. இறால் இன்னும் கிடைத்துக்கொண்டிருந்த நேரம். அண்ணிக்கு மறுநாளே ஜுரம் விட்டிருந்தது, அவள் நினைத்திருந்தால் முணுமுணுக்கவாவது செய்திருக்கலாம். ஜோடி படுத்துவிட்டாள் என்று பறியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்காக அவள் இரண்டு நாளை விட்டாள். அவளுக்காக நான் ஒரு நாளை விடவில்லை. இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தோன்றவேயில்லை, அதுதான் இப்போதும் என்னை அறுக்கிறது.

அதற்கப்புறம் இலவச முகாம் முடிந்துவிட்டது என்றார்கள். ஐப்பசி மழை வந்தது. ஊசிக்காக ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்குப் போய்வரலாம் என்று பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டே இருந்தோம்.

பங்குனியில் ஊருக்குள் ஒரு காய்ச்சல் புகுந்தது. எனக்கும் வந்தது. மூன்று நாள் தொண்டை வலி, தும்மல், அவ்வளவுதான். அண்ணிக்கு இரண்டாம் நாளே மூச்சு முட்டியது. படகில் ஏற்றி அக்கரை கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொரோனாதான் என்று பரிசோதனையில் வந்தது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். அவளால் பேச முடியவில்லை. அன்றைக்குத் தண்ணீரில் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்து என்ன பிரயோஜனம்? நான்காம் நாள் போய்விட்டாள்.

டாக்டரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "ஆடி மாசமே மூணாவது ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?"

சின்ன வயசு டாக்டர். "இழுப்பு இருக்கறவங்க போட்டுக்கறது நல்லதும்மா. ஆனா போட்டிருந்தா கண்டிப்பா பொழச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. போட்டு எட்டு மாசம் ஆனா அதோட பலமும் கொறஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறவில்லை. ஆமாம், பிழைத்திருப்பார்கள் என்று சொல்லியிருந்தாலாவது ஓவென்று அழுது தீர்த்திருப்பேன்.

இப்போது வேறொருத்தியோடு போகிறேன். கயிற்றைக் கடிப்பதற்கு முன்னால் அவளிடம் தினமும் கேட்கிறேன், இன்றைக்கு உனக்கு வேறு ஏதாவது வேலை இருக்கிறதா, உடம்புக்கு ஏதாவதா என்று. "இன்னாக்கா, தெனமும் இதே பாட்டு?" என்று சிரிக்கிறாள். அவளுக்குத் தெரியாது.

அண்ணனிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பல முறை வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கொரோனா என்று டிவியில் ஓடியது. ஒரு சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, "ஏம்மா, எனக்கும் இப்போ நெஞ்சு கரகரனு கீது. அந்த ஊசி திரும்பப் போட்டுக்கணுமா? நீ சொல்லு" என்றார்.

நீ சொல்லு. அவளும் அதைத்தான் கேட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. அந்த ஆடி மாதக் காலை, நல்ல புடவை, நீலப் பெட்டி, குனிந்துகொண்டது, எட்டுப் பேர், எல்லாவற்றையும் கொட்டினேன். அடித்தாலும் சரி, இனி என் முகத்தில் விழிக்காதே என்றாலும் சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"அன்னைக்கு சாயங்காலமே நான் கேட்டேன், ஏன் ஊசி போட்டுக்கலனு" என்றார். "பாப்பா ஊசிக்கு வா வானுதான் கூப்டுது, எனக்குத்தான் எறா ஆசை, நான்தான் அடுத்த மாசம்னு சொல்லிட்டேன், பாப்பாவப் போயி எதுவும் கேட்காதனு உங்க அண்ணி சொன்னா. நானும் அவளத்தான் திட்டினேன். செத்த அப்புறமும் திட்டிக்கினு இருந்தேன்."

நான் அழுதேன். அண்ணனும் அழுதார். எதற்காக யார் அழுதோம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணன் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "சரி, இப்போ சொல்லு. போட்டுக்கலாமா, வேணாவா?"

"ஊசி இப்போ கெடைக்குதானு தெரியல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டரையே கேக்கலாம்ணா. நெஞ்சையும் காட்டிக்கலாம். நானும் வரேன்."

"நாளைக்கா? எறா நல்லா ஏறிக் கீதுன்னாங்களே?"

"ஏரி எங்க ஓடிப்போவுது?" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், இது அண்ணியின் வாசலில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை என்று உறைத்தது. எழுந்து போய்ப் பறியைக் கவிழ்த்து வைத்தேன்.