சத்தம் போட்டுப் பாரம் தூக்கிய பிலிப்பு

மெலிஞ்சிமுனைப் பிலிப்புவுக்கு அறுபத்திரண்டு வயது. வள்ளத்து எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு சுருட்டையும் பற்றவைத்தபடி வீட்டுக்கு நடந்து வருகிற மனிதர். அப்படிப்பட்டவருக்குப் பிறசர் நூற்றியெழுபது என்று கிளினிக்கில் சொன்னால் நம்புவாரா? மெசினில்தான் பிழை என்று அடித்துச் சொன்னார். அவர்களும் சளைக்காமல் வேறு மெசினைக் கட்டி அளந்தார்கள். அது நூற்றியெழுபத்திரண்டு காட்டியது.

அன்றைக்கே எஞ்சினை அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள் அவருடைய மனைவி மேரிஜோசப்பின். நூற்றிநாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கடல் என்றாள். அவளோடு வாதாட முடியாது. அவளுடைய தமையன் வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே பிறசர் ஏறிப் பாரிசவாதம் வந்து வள்ளத்துக்குள் விழுந்தவர். தனியே போனவர் என்பதால் அவர் விழுந்தது கரையில் ஆருக்கும் தெரியவில்லை. கடலில்லாமல் பிலிப்புவுக்கோ சோறு இறங்கவில்லை. கரையில் மற்றவர்கள் வள்ளம் தள்ளுவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

கிளினிக்கில் தாதியாக இருந்த மிசி கோபிகா பொறுமையாக விளக்கினாள். வயது போகப் போக இரத்தக்குழாய் பழைய தண்ணீர்க் குழாய்போல விறைத்துவிடும். சுருட்டை விடவேண்டும், பிறசருக்குப் போடும் மருந்துக் குளிசையை விடக்கூடாது. அதோடு, வாரத்தில் மூன்று நாள் அளவான பாரம் தூக்கிப் பழகினால் பிறசர் மெல்ல மெல்ல இறங்கும். ஐந்து லீற்றர்க் கான் இரண்டில் பாதிக்கு மணல் போட்டுப் பத்துத் தரம் தூக்கினால் போதும் என்றாள். எஞ்சின் தூக்கியவருக்கு அரைக் கான் மணல்! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று நினைத்த பிலிப்பு, ஈரமணலை வாய்வரைக்கும் அடைத்தார். பத்தை முப்பது ஆக்கினார். அளவு என்கிற சொல்லை அவர் சாப்பாட்டிலும் கேட்டவரல்ல.

கரையில் எதைத் தூக்கினாலும் அம்பா என்கிற பாட்டைப் பாடித்தான் தூக்குவார்கள். ஒருவர் இழுத்துப் பாட, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று மூச்சைக் கொட்டிக் கை கொடுப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் அது சரிவருமா? ஓலைவேலிக்கு அங்கால் லியோன் இருக்கிறான். பிலிப்பு மணல்கான் தூக்குகிறார் என்று அவன் காதில் விழுந்தால் பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பல்லைக் கடித்து, வாயை இறுக்கி, மூச்சுச் சத்தமும் வெளியே வராமல் ஒரு மாதம் தூக்கினார்.

அடுத்த கிளினிக்கில் நூற்றியெண்பது. கருவாட்டில்தான் குற்றம் என்று அவர் சொல்ல, மேரிஜோசப்பினோ வீட்டிலிருந்த கருவாடு முழுவதையும் லியோன் வீட்டுக்குக் கொடுத்தாள். அந்த வாசம் வேலிக்கு மேலால் மூன்று நாள் வந்தது.

கோபிகா மட்டும் விடவில்லை. வரிசையில் இருந்த சனம் முழுக்கப் பார்க்க, எப்படித் தூக்குகிறீர்கள் என்று செய்துகாட்டச் சொன்னாள். பிலிப்பு இரண்டு தண்ணீர்க் கானைத் தூக்கினார். முகம் அவித்த நண்டாகச் சிவந்தது.

“ஐயா, மூச்சு எங்கை?”

“மூச்சு விட்டா லியோனுக்குக் கேக்கும், பிள்ளை.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கோபிகா சிரிக்கவில்லை. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் அந்த நேரத்தில் பிறசர் எங்கேயோ ஏறிவிடும், விறைத்த குழாய் அதைத் தாங்காது என்றாள். கானைப் பாதியாக்கி, தூக்கும்போது வாயைத் திறந்து மூச்சை விடச் சொன்னாள்.

வாயைத் திறந்தால் பிலிப்புவுக்குத் தெரிந்தது அம்பா ஒன்றுதான். அடுத்த நாள் வீட்டுப் பின்வளவுக்குள் அம்பா கிளம்பியது. வேலிக்கு மேலால் லியோனின் தலை எழும்பியது. கானைப் பார்த்தான், பிலிப்புவைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, ‘ஏலேலோ’ என்று மறுகுரல் கொடுத்தான். மறுகிழமை அவன் வளவிலும் இரண்டு கான் இருந்தது. கருவாடு தின்றதில் அவனுக்கும் பிறசராம்.

நாலாம் மாதம் நூற்றிமுப்பத்தாறு. பிலிப்பு கிளினிக் கொப்பியை விரித்துப் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தார். மேரிஜோசப்பின் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திறப்பை எடுத்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை.

“வலை இழுக்கேக்கை பாடோணும். எனக்குக் கரையிலை கேக்கோணும்.”

அதற்கென்ன என்று பிலிப்பு வாங்கிக்கொண்டார். எஞ்சினைத் தோளில் போடாமல் லியோனோடு சேர்ந்து இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுபோனார்.

மறுநாள் விடிய, கரைக்குக் கிட்டவே போட்ட வலையில் நல்ல மீன். நாலு மாதத்துக்குப் பிறகு மீனைக் கண்ட சந்தோசத்தில் பிலிப்புவுக்குப் பாட்டும் மறந்தது, உலகமும் மறந்தது. சட்டைப் பைக்குள் போன் அடித்தது.

“சத்தத்தைக் காணேல்லை,” என்றாள் மேரிஜோசப்பின். தமையனை நினைத்து, விடிந்ததிலிருந்து கரையிலேயே காது கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நாலு மாதமாகத் தன்னைச் சிறைவைத்தவள் என்று மனதுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வர, பிலிப்புவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு, வாயைத் திறந்து பாடத் தொடங்கினார். வலை முழுக்க வள்ளத்துக்குள் வந்து சேரும்வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை.