பூஜ்ஜியம் தாண்டி நான்கு கிலோமீட்டர்

காப்பீட்டு நிறுவனத்தின் கோப்பில் அவளைப் பற்றி ஒரே வரிதான்: "ஆபத்துக் குறைந்த ஓட்டுநர், பத்தொன்பது ஆண்டுகளில் இழப்பீட்டுக் கோரிக்கை ஏதுமில்லை." எழுதியவர் பொய் சொல்லவில்லை. பிறந்து மூச்சுவிடாத குழந்தைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

வீடு தேடிப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் அவள். போன வருடம், பெட்ரோல் முள் கால் டாங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய பழைய கார் டாங்க் வறண்டு நடுவழியில் நின்றது. போய்ச் சேரப் பதினொரு நிமிடம் தாமதம். அத்தனை நேரமும் குழந்தையின் அப்பா போனில் கேட்டபடி இருந்தான்: "எங்க இருக்கீங்க?" சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் தூங்கியிருப்பாள்.

காரை விற்றுவிட்டு டாக்ஸியில் அலைந்தாள். மாதக் கடைசிக்குள் சொந்த வண்டி இல்லையென்றால் மேசை வேலைதான் என்று மேலதிகாரி கெடு வைத்தார்.

மெக்கானிக்கான தம்பி ஒரு பழைய மின்சாரக் காரைப் பிடித்தான். விற்பவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"பேட்டரி எண்பத்தெட்டு சதவீதம் நல்லா இருக்குக்கா. வேகச் சார்ஜ் அதிகம் போடல. வாரண்டி ரெண்டு வருஷம் பாக்கி. இதுக்கு மேல நாடி பிடிச்சா பார்க்கணும்?"

"எல்லாக் காரும் ஒருநாள் நிக்கும்டா. நிக்கிறதுக்கு முன்னாடி உண்மையைச் சொல்லுமா? அதான் எனக்குத் தெரியணும்."

சார்ஜ் தீர்ந்து நிற்கும்வரை ஓட்டிப் பார்ப்பேன் என்றாள். கடைக்காரர் பதறினார். "மேடம், அடியோட வடியவிட்டா பேட்டரிக்கு ஆகாது."

"ஒரே தடவை. கெட்டுப்போனா நானே வாங்கிக்கறேன்."

"நல்லா இருந்தா?"

"அதைச் சொல்லத்தான் பயமா இருக்கு."

பின்னால் இழுவை வண்டி ஒன்று வாடகைக்கு வந்தது. அதன் டிரைவருக்கு ஒரே குஷி. "இத்தனை வருஷமா நின்ன வண்டிக்குத்தான் போயிருக்கேன். நிக்கப்போற வண்டிக்கு ஊர்வலம் போறது இதான் முதல் தடவை."

தம்பி பக்கத்து இருக்கையில் உட்கார, அவள் கிளப்பினாள். பேட்டரியைப் பற்றி அலசியவர்கள் யாரும் ஒன்றை யோசிக்கவில்லை: இந்தக் காரில் சத்தமே இல்லை. டாக்ஸிகளின் உறுமலில் அமுங்கிக் கிடந்த குரல் இங்கே தெளிவாகக் கேட்டது. எங்க இருக்கீங்க?

திரையில் மீதித் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஏழு. மூன்று.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு? கண்ணாடியை இறக்கட்டுமா?"

பூஜ்ஜியம் வந்தது. கார் எச்சரித்தது, வேகத்தைக் குறைத்தது, மறுபடி எச்சரித்தது. யோக்கியமான நோயாளியைப் போல ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இன்னும் நான்கு கிலோமீட்டர் ஊர்ந்து, ஒரு கிடங்கின் சுவரோரம் நின்றது.

"பொய்யே சொல்லலக்கா!" தம்பி டாஷ்போர்டைத் தட்டினான்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய காரின் பெட்ரோல் முள்ளைத் திட்டியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். இனி திட்ட முள்ளும் இல்லை.

"வந்துட்டே இருக்கேன்," என்றாள் உரக்க.

தம்பி அவள் போனைப் பார்த்தான். அழைப்பு எதுவும் இல்லை.

அந்தக் காரையே வாங்கினாள். ஆறு வருடத்தில் இருநூற்றுப் பதினேழு பிரசவங்களுக்கு அதில் போனாள்; ஒன்றுக்கும் பிந்தவில்லை.